சிங்கப்பூரில் வீடு தேடும்போது...

முண்டியம்பாக்கத்தில் வாடகைக்கு வீடு வேண்டுமென்றால் நாலு பேர் காதில் போட்டு வைத்தால் போதும். "சர்க்கரை ஆலைப் பக்கம் ஒண்ணு காலியா இருக்காம், போய்ப் பாருங்க" என்று தகவல் தானே வந்து சேரும். வீட்டுக்காரர் யார், எப்படிப்பட்டவர் என்பதும் ஊருக்கே தெரிந்திருக்கும்.

கணவருக்குச் சிங்கப்பூரில் வேலை கிடைத்து, கைக்குழந்தையோடு நீங்களும் போய் இறங்குகிறீர்கள். அங்கே யாரைக் கேட்பது? அவர் காலையில் கிளம்பிவிடுவார். பகல் பூராவும் தற்காலிக அறையில் குழந்தையோடு அடைந்து கிடப்பது நீங்கள்தான். ஊரிலிருந்து அம்மா தினமும் போனில், "ஏம்மா, வீடு கெடைச்சுதா?" என்பார். "ஏங்க, எதுவா இருந்தாலும் சரி, மொதல்ல ஒண்ணைப் புடிச்சிடுங்க" என்று சொல்லத் தோன்றும். அந்த அவசரம்தான் ஆபத்து. பத்து நாள் பொறுத்தாலும் பரவாயில்லை, பார்த்துப் பிடிப்பதே நல்லது.

வீவக வீடு என்றால்?

சிங்கப்பூரில் பெரும்பாலோர் குடியிருப்பது, 1960ல் தொடங்கிய வீடமைப்பு வளர்ச்சிக் கழகம் கட்டிய அடுக்குமாடிகளில். சுருக்கமாக, 'வீவக வீடு'. அங்கே 'மூன்றறை வீடு' என்றால் மூன்று படுக்கையறை என்று நினைத்துவிடாதீர்கள். கூடத்தையும் ஓர் அறையாகக் கணக்கிடுவார்கள், படுக்கையறை இரண்டுதான்.

வீவக வீட்டை வாடகைக்கு விட உரிமையாளர் கழகத்திடம் அனுமதி பெறவேண்டும். குடியிருப்பவர்களின் பெயரையும் பதியவேண்டும். 6 மாதத்துக்குக் குறைவாக விடக்கூடாது. "ரெண்டு மாசம் இருங்க, பேரெல்லாம் பதிய வேணாம்" என்று யாராவது சொன்னால், வாடகை எவ்வளவு மலிவானாலும் ஒதுங்கிவிடுங்கள். சட்டென்று காலி செய்யச் சொன்னால் குழந்தையோடு தெருவில் நிற்கப் போவது நீங்கள்தானே!

பணம் கைமாறுமுன்

முகவர்களைக் கண்காணிக்க 2010 முதல் அங்கே தனி அரசு மன்றம் இருக்கிறது. அதன் பொதுப் பதிவேட்டில் முகவரின் பெயரும் தொலைபேசி எண்ணும் இருக்கின்றனவா என்று பார்க்கலாம். வீவக வீட்டின் வாடகையையோ முன்பணத்தையோ முகவர் கையில் வாங்கவே கூடாது என்பது விதி. வீட்டை நேரில் பார்க்காமல், போனில் படம் பார்த்துப் பணம் அனுப்பவே வேண்டாம்.

ஒரு வருட ஒப்பந்தத்துக்கு ஒரு மாத வாடகையும், இரண்டு வருடத்துக்கு இரண்டு மாத வாடகையும் முன்பணமாகக் கேட்பது வழக்கம். முத்திரை வரி தனி. நாலு வருடம் வரையிலான ஒப்பந்தத்துக்கு மொத்த வாடகையில் 0.4 சதவீதம். இரண்டு வருடம் என்றால், கணவருக்கு வேலை போய் ஊர் திரும்ப நேர்ந்தால் இடையிலேயே விலக வழி செய்யும் ஷரத்து இருக்கிறதா என்று கேளுங்கள். அது இல்லையென்றால் முன்பணம் திரும்பி வருவது கஷ்டம். கையெழுத்து அவர் போட்டாலும், ஒப்பந்தத்தை நீங்களும் ஒரு வரி விடாமல் படியுங்கள்.

அடுப்படியைப் பாருங்கள்

வீடு பார்க்க அவரை மட்டும் அனுப்பாதீர்கள். சில இடங்களில் 'சமையல் கூடாது', 'லேசான சமையல் மட்டும்' என்பார்கள். "குழம்பு தாளிக்கலாமா? மீன் வறுக்கலாமா?" என்று வெளிப்படையாகக் கேட்டுவிடுங்கள். வருடம் பூராவும் மழை பெய்யும் ஊர். குழந்தைத் துணி உலர்த்த இடம் வேண்டும். பத்தாவது மாடியென்றால் சன்னல் கம்பியும் அதன் பூட்டும் சரியாக இருக்கின்றனவா என்று கையால் அசைத்துப் பாருங்கள்.

டெங்கு உள்ள நாடு அது. துளசித் தொட்டியின் அடித்தட்டில் தண்ணீர் தேங்கி கொசுப் புழு இருந்தால் அபராதம்கூட உண்டு. குழந்தையின் தடுப்பூசி அட்டையைக் கைப்பெட்டியிலேயே எடுத்துச் செல்லுங்கள். தட்டம்மை, தொண்டை அடைப்பான் ஊசிகள் அங்கே சட்டப்படி கட்டாயம்.

சாவி கைக்கு வந்ததும் அடுத்த வீட்டாரிடம் இரண்டு வார்த்தை பேசிவிடுங்கள். தமிழ் அங்கே ஆட்சிமொழிகளில் ஒன்று. நூலகத்தில் தமிழ்ப் புத்தகம் கிடைக்கும். தேக்கா சந்தைக்குப் போனால் முருங்கைக்காயும் கறிவேப்பிலையும் வாங்கலாம். வீடு மட்டும் சரியாக அமைந்துவிட்டால், ஊர் தானாகப் பழகிவிடும்!