கத்திக்குப் பின் காவல்

பொது விவகாரங்களைப் பேசும் இப்பக்கத்தில் ஒரு தழும்பைப் பற்றி எழுதப் புகுவது சிலருக்கு வியப்பாயிருக்கலாம். உயிருக்கு அபாயமில்லாத ஒரு தடிப்பைக் குறித்து இவ்வளவு பேச என்ன இருக்கிறதென்றும் அவர்கள் கேட்கலாம். அத்தழும்பைத் தாங்கி வாழ்பவர்களை அறிந்தோர் அவ்வாறு கேளார். காதிலே நெல்லிக்காய் அளவு தொங்கும் கட்டியை முந்தானையால் மறைத்துக்கொண்டு நடமாடும் பெண்களும், மார்பிலே படர்ந்த தடிப்பின் அரிப்பினால் உறக்கமின்றிப் புரளும் வாலிபர்களும் நம்மிடையே இருக்கின்றனர். அவர்களிற் சிலர் கடன்பட்டு ஆஸ்பத்திரிக்குச் சென்று, அதை அறுத்தெறிந்துவிட்டு, ‘பீடை தொலைந்தது’ என்று மகிழ்ந்து வீடு திரும்பியவர்கள். சில மாதங்கள் கழித்து அதே இடத்தில் முன்னிலும் பெரிதாக அது கிளம்பக் கண்டு மனமுடைந்தவர்களும் அவர்களே. இந்த ஏமாற்றம் விதியின் விளைவன்று, பெரும்பாலும் தடுக்கக்கூடியது. அதை எடுத்துச் சொல்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

இத்தழும்புக்கு வைத்தியர்கள் வழங்கும் பெயர் கெலாய்டு என்பது. பத்தொன்பதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பாரிஸ் நகரில் சரும வைத்தியராக விளங்கிய அலிபேர் என்பவர் இதைத் தெளிவாக வர்ணித்தார். புற்றுநோயை நினைவூட்டும் ஒரு பெயரை அவர் முதலில் இதற்கு இட்டார். இது புற்றுநோயன்று என்பது விளங்குதற்பொருட்டுப் பின்னர் அதை மாற்றி, நண்டின் கொடுக்கைக் குறிக்கும் கிரேக்கச் சொல்லினின்றும் இப்பெயரை அமைத்தார். பெயர் மிகப் பொருத்தமானது. சாதாரணத் தடித்த தழும்பு காயத்தின் எல்லைக்குள் அடங்கி நிற்கும். நாளடைவில் தானே தணிவதும் உண்டு. கெலாய்டோ காயத்தின் எல்லையைத் தாண்டிக் கொடுக்கு நீட்டிப் பக்கத்திலுள்ள நல்ல தோலையும் கவர்ந்துகொள்ளும். தானாகத் தணிவது அரிது. இது தொற்று வியாதியுமன்று.

காது மடல், மார்பின் நடுப்பகுதி, தோள், மேற்கை, தாடையோரம் ஆகியவை இது விரும்பிக் குடியேறும் இடங்கள். காது குத்திய துளை, அம்மை குத்திய வடு, பருவினால் உண்டான சிறு புண், தீக்காயம் இவற்றில் எதுவும் இதற்கு வித்தாகலாம். வெளுத்த தோலினரைவிடக் கருத்த தோலினரை இது அதிகமாகப் பற்றுகிறது. 10 முதல் 30 வயது வரையிலுள்ளோரிடம் மிகுதியாகக் காணப்படுகிறது. சில குடும்பங்களில் தலைமுறை தலைமுறையாகத் தொடர்கிறது. ஆகவே இது நமது ஜனங்களுக்கு அந்நியமான விஷயமன்று.

அறுத்த பின் இது ஏன் திரும்புகிறது? காயம் பட்டவுடன் சரீரம் அவ்விடத்தைச் செப்பனிடத் தொடங்குகிறது. தோலின் அடியிலுள்ள உயிரணுக்கள் கொல்லாஜன் என்னும் நார்ப்பொருளை உற்பத்தி செய்து பிளவை நிரப்புகின்றன. வேலை முடிந்ததும் அவை ஓய்ந்துவிட வேண்டும். கெலாய்டு உண்டாகும் சரீரத்தில் அவை ஓய்வதில்லை. அவ்விடத்தின் அழற்சியும் அடங்குவதில்லை. சுவர் எழும்பிய பின்னும் கொத்தனார் கல் அடுக்கிக்கொண்டே போவது போன்ற நிலை இது. இத்தகைய சரீரத்தில் கத்தி வைப்பதென்றால் என்ன? பழைய தழும்பை நீக்கி, அதைத் தோற்றுவித்த முதற் காயத்தைவிடப் பெரிய காயம் ஒன்றை அதே இடத்தில் உண்டாக்குவதேயாகும். காரணம் அப்படியே இருக்கக் காரியத்தை மட்டும் அறுத்தெறிவதால் பயன் யாது? வேறெந்தச் சிகிச்சையும் சேர்க்காமல் அறுத்து மட்டும் விட்டால், 100 பேரில் குறைந்தது 45 பேருக்கும், சில வைத்தியர்களின் கணக்குப்படி ஏறக்குறைய அனைவருக்கும், கெலாய்டு திரும்பி வருகிறதென்று வைத்திய நூல்கள் கூறுகின்றன.

கோர்ட்டு விவகாரம் அறிந்தவர்களுக்கு இதை ஓர் உவமையால் விளக்கலாம். வழக்கிலே டிக்ரி பெற்றவன் அன்றே சொத்து கைக்கு வந்துவிட்டதாக எண்ணி உறங்கினால் ஏமாந்து போவான். டிக்ரியை நிறைவேற்றி, சொத்தை வசப்படுத்தி, எதிரி மீண்டும் புகாதபடி காவல் வைத்தாலன்றி வெற்றி பூர்த்தியாகாது. கெலாய்டு விஷயத்தில் கத்தி தருவது டிக்ரி மட்டுமே. அதன்பின் ஓராண்டு, ஈராண்டு நடக்கும் காவலே உண்மையான வெற்றி.

அக்காவல் கத்தியைக் கையில் எடுக்கும்போதே தொடங்க வேண்டும். இழுவிசை மிகுந்த இடத்தில் கெலாய்டு வளர்கிறது என்பதை டோக்கியோ நகரத்து நிப்பான் மருத்துவக் கல்லூரியைச் சேர்ந்த ரெய் ஒகாவா முதலிய ஜப்பானிய நிபுணர்கள் வற்புறுத்தி வந்திருக்கின்றனர். மூச்சுக்கு மூச்சு விரிந்து சுருங்கும் மார்பிலும், கையசைவினால் ஓயாது இழுபடும் தோளிலும் அது மிகுதி. இழுப்பற்ற மேலிமையில் மிக அரிது. எனவே தேர்ந்த ரண சிகிச்சை நிபுணர் மேல்தோலை இழுத்துப் பிடித்துத் தைப்பதில்லை. அடியிலுள்ள ஆழ்ந்த படலங்களை முதலில் இணைத்து, மேல்தோலின் விளிம்புகள் தாமே ஒன்றையொன்று தொடும்படி செய்த பின்னரே மேல் தையல் இடுகிறார்; இடத்துக்கேற்பத் தையற்கோட்டை வளைத்தும் மடித்தும் இழுப்பைப் பிரித்துவிடுகிறார். அறுத்த சதையைச் சோதனைக்கு அனுப்புவதும் நல்லது. கெலாய்டு போலத் தோன்றும் வேறு கட்டிகளும் உண்டு. காயம் ஆறிய பின்னும் சில மாதங்கள் அவ்விடத்தில் ஒட்டுப்பட்டை இட்டு அசைவைக் குறைப்பதும், மார்பிலும் தோளிலும் அறுத்துக்கொண்டவர்கள் பெருஞ்சுமை தூக்காதிருப்பதும் அவசியம். புண்ணில் சீழ் பிடிக்க விடலாகாது.

இரண்டாவது காவல் ஊசி மருந்து. ட்ரையாம்சினலோன் என்னும் ஸ்டீராய்டு மருந்தைத் தழும்பிற்குள்ளேயே செலுத்துகிறார்கள். அறுக்கும்போதோ, தையல் பிரிக்கும்போதோ தொடங்கி, 4 முதல் 6 வாரங்களுக்கு ஒருமுறை, பல மாதங்கள் இது தொடர வேண்டும். இம்மருந்து அழற்சியை அடக்கி நார்ப்பொருளின் உற்பத்தியைக் குறைக்கிறது. விலையும் அதிகமன்று, பல்லாண்டுப் பழக்கமும் இதற்கு உண்டு. ஊசி வலிக்கும் என்பதும், அவ்விடத்துத் தோல் மெலிவதும் வெளுப்பதும் உண்டு என்பதும் உண்மையே. கர்ப்பிணிகளும் நீரிழிவு உள்ளவர்களும் முன்கூட்டியே வைத்தியரிடம் சொல்லிவிட வேண்டும்.

மூன்றாவது காவல் அழுத்தம். காது மடலுக்கு இது மிகவும் ஏற்றது. மடலை இரு பக்கமும் கவ்விப் பிடிக்கும் விசேஷக் கவ்வியைக் காயம் ஆறியதும் அணிந்து, தினம் 12 மணி நேரத்துக்குக் குறையாமல், ஆறு மாதமோ அதற்கு மேலோ வைத்திருக்க வேண்டும். அழுத்தம் மிதமாயிருக்க வேண்டும். அளவு மீறினால் தோல் புண்ணாகி, புதிய கெலாய்டுக்கு வழியாகும். மார்பு, தோள் முதலிய இடங்களில் அழுத்தத்தை ஒரே சீராக நிறுத்துவது கடினம். அங்கே நான்காவது காவலாகிய சிலிக்கோன் தகடு பயன்படுகிறது. 1980-களின் தொடக்கமுதல் தீக்காயத் தழும்புகளுக்கு வழங்கி வரும் இத்தகட்டைத் தையல் பிரித்துப் புண் மூடிய பின், நாளொன்றுக்கு 12 மணி நேரத்துக்கு மேலாக, மூன்று மாதமேனும் ஒட்டி வைக்க வேண்டும். தினந்தோறும் தகட்டையும் தோலையும் கழுவ வேண்டும். இதன் பலனைப் பற்றிய சான்று வலுவானதன்று என்பதையும் ஒளிக்காமல் சொல்கிறோம். இது துணைவன், தலைவனன்று.

ஐந்தாவது காவல் கிரண சிகிச்சை. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்திலேயே எக்ஸ்-ரே கிரணங்களைக் கெலாய்டின்மீது பிரயோகிக்கத் தொடங்கினர். இப்போதைய முறையில், அறுத்த 24 மணி நேரத்துக்குள்ளாகவோ, சிறிது தாமதித்தாலும் 72 மணி நேரத்துக்குள்ளாகவோ தொடங்கிச் சில நாட்களில் முடித்துவிடுகிறார்கள். அறுத்தபின் கிரணம் செலுத்தியவர்களில் திரும்ப வருவது ஏறக்குறைய ஐவரில் ஒருவருக்கே என்று ஆராய்ச்சிகள் காட்டுகின்றன. அறுவை மட்டும் செய்தால் நேரும் கதியோடு இதை ஒப்பிட்டால் வேற்றுமை விளங்கும். காது மடலுக்குக் குறைந்த அளவும், இழுப்பு மிகுந்த மார்புக்கும் தோளுக்கும் கூடிய அளவும் வேண்டும் என்பதும் அனுபவத்தில் கண்டது. ‘கிரணம் புற்றுநோயை உண்டாக்காதா?’ என்னும் அச்சம் நியாயமானதே. தைராய்டு, ஸ்தனம் முதலிய உறுப்புகளை மறைத்துக் காத்துச் செலுத்தினால் அவ்வபாயம் மிகச் சொற்பம் என்பது நிபுணர்களின் மதிப்பீடு. எனினும் கர்ப்பிணிகளுக்கு இது கூடாது. சிறு குழந்தைகளுக்கும் கூடிய மட்டும் தவிர்க்கப்படுகிறது. பலமுறை திரும்பிய பிடிவாதமான கெலாய்டுக்கே இதை முதலில் யோசிக்க வேண்டும். அறுத்துவிட்டு இரண்டு வாரம் கழித்து நினைவு வந்து கேட்டால் காலம் கடந்துவிடும். ரண சிகிச்சை நிபுணரும் கிரண நிபுணரும் கத்தி எடுப்பதற்கு முன்பே நாள் குறித்து வைத்திருக்க வேண்டும்.

இவையன்றி ஃப்ளூரோயுராசில், பிளியோமைசின் முதலிய மருந்துகளையும் ஊசி மூலம் செலுத்துகின்றனர். எனினும் தனித்து நின்று முற்றிலும் காக்கவல்லது இவற்றில் ஒன்றுமில்லை. இடத்துக்கும் வயதுக்கும் ஏற்றபடி இரண்டு மூன்றைச் சேர்த்துக் கையாள்வதே இன்றைய வைத்தியத்தின் முடிவு. ‘ஒரே பூச்சில் மறையும்’ என்று விளம்பரம் செய்வோரிடமும், காரம் வைத்துச் சுட்டு உதிரச் செய்வோரிடமும் ஜனங்கள் எச்சரிக்கையாயிருக்க வேண்டும். சுடுவதும் ஒரு காயமே, அக்காயமும் கெலாய்டாகும்.

இனி, இக்காவல் எங்கே தவறுகிறது என்று பார்ப்போம். கெலாய்டு மீள்வது ஒரு நாளில் அன்று. முதலில் தையற்கோட்டில் ஒரு சிறு அரிப்பு, பிறகு சிவப்பு, பிறகு அரிசி அளவு தடிப்பு. அந்நிலையில் ஊசி போட்டால் பெரும்பாலும் அடங்கும். ‘ஆறிவிட்டதே, இனி ஏன் போக வேண்டும்?’ என்று எண்ணி நோயாளி வீட்டில் தங்கிவிடுகிறார். சுண்டைக்காய் அளவானபின் வருகிறார். இரண்டாண்டுகள் வரையில் பார்வையில் இருக்க வேண்டும் என்று அவருக்கு யாரும் சொல்லவில்லை. அல்லது சொன்னது காதில் ஏறவில்லை. ஏழைக்கு வேறொரு தடையும் உண்டு. ஆஸ்பத்திரிக்குப் போகும் ஒவ்வொரு நாளும் அவனுக்கு ஒரு நாள் கூலி நஷ்டம்; பஸ் செலவு வேறு. ஒரு நாள் அறுவைக்கு அவன் துணிவான். பத்து நாள் ஊசிக்கு அவனால் வர இயல்வதில்லை. இதை உணராமல் ‘நோயாளி ஒழுங்காக வரவில்லை’ என்று சீட்டில் எழுதிவிட்டால் கடமை தீர்ந்துவிடுமா?

2008-ஆம் ஆண்டில் நமது சுப்ரீம் கோர்ட்டு ஒரு வழக்கில், சிகிச்சையின் தன்மை, பலன், மாற்று வழிகள், பெரிய அபாயங்கள் ஆகியவற்றை நோயாளிக்குப் போதிய அளவு எடுத்துச் சொன்ன பிறகு அவர் தரும் சம்மதமே உண்மையான சம்மதமென்று தீர்ப்பளித்தது. இந்த நியதியைக் கெலாய்டுக்குப் பொருத்திப் பாருங்கள். ‘அறுத்தால் போய்விடும்’ என்று மட்டும் சொல்லிக் கையெழுத்து வாங்குவது எவ்விதச் சம்மதம்? ‘அறுத்தால் மட்டும் போதாது, காவல் இல்லையேல் முன்னிலும் பெரிதாக வரக்கூடும், இத்தனை மாதம், இத்தனை முறை நீ வர வேண்டும், இவ்வளவு செலவாகும், உன்னால் இயலுமா?’ என்று கேட்டு, அவன் ‘இயலும்’ என்று சொன்ன பிறகு வாங்கும் கையெழுத்தே சம்மதம். ‘இயலாது’ என்பானாயின், கத்தியைத் தொடாமல் ஊசியினால் அதைச் சுருக்கி, அரிப்பையும் வலியையும் தணித்து அனுப்புவதே அவனுக்குச் செய்யும் உபகாரம். அறுக்காமல் விடுவதும் சில வேளைகளில் நல்ல வைத்தியமே.

பொதுஜன ஊழியத்தில் ஈடுபட்ட அன்பர்களுக்கு இங்கே சில வேலைகள் காத்திருக்கின்றன. அறுவை செய்துகொண்டவரின் வீட்டை நினைவில் வைத்து, மாதமொரு முறை அவரை ஆஸ்பத்திரிக்கு அழைத்துச் செல்லலாம். ஊசி போடும் நாளைக் கூலியாட்களுக்குத் தோதான நாளாக வைக்கும்படி ஆஸ்பத்திரி அதிகாரிகளைக் கேட்கலாம். கெலாய்டு உள்ள குடும்பங்களில் அழகுக்காக மூக்கிலும் காதின் மேல்விளிம்பிலும் புதுத் துளைகள் இடுவதைத் தடுத்துச் சொல்லலாம். 11 வயதுக்கு முன் காது குத்திக்கொண்டோரைவிட அதன் பின் குத்திக்கொண்டோருக்குக் கெலாய்டு மிகுதியாக வந்ததென்று அமெரிக்காவில் 2005-இல் வெளியான ஓர் ஆராய்ச்சி கூறுகிறது. குழந்தைப் பருவத்திலேயே காது குத்தும் நம் நாட்டு வழக்கத்துக்கு இது இசைவாகவே இருக்கிறது. எனினும் ஒருமுறை கெலாய்டு வந்து அறுத்த மடலில், ஆசைக்காகவோ சடங்குக்காகவோ மறுபடி துளையிடுவது, வெளியே துரத்திய எதிரியை வாயிற் கதவைத் திறந்து அழைப்பதற்கு ஒப்பாகும்.

ஒரு தழும்பினால் ஒரு பெண்ணின் கலியாணம் தடைப்படுவதும், ஒரு வாலிபன் நாலு பேர் நடுவே நிற்கக் கூசுவதும் நாம் பொறுத்துக்கொள்ள வேண்டிய நியதிகளல்ல. வழி இருக்கிறது. அது ஒரு நாள் தீரத்தால் முடிவதன்று. பல மாதப் பொறுமையால் முடிவது. கத்தியை நாடும் ஒவ்வொருவரும் ‘எப்போது அறுப்பீர்கள்?’ என்று கேட்பதற்கு முன், ‘அறுத்த பின் என்ன செய்வீர்கள்?’ என்று கேட்கக் கற்றுக்கொள்ளட்டும். அதற்குத் தெளிவான விடை கிடைக்காத இடத்தில் அறுத்துக்கொள்ளாமல் திரும்பி வருவதே விவேகம்.