கோல் கோடாமை: பில்லியர்ட்ஸ் கோலும் அதைப் பேணும் முறையும்

முன்னுரை

கோல் என்னும் சிறு சொல் தமிழில் பெற்றுள்ள இடம் பெரிது. எழுதுகோல், அளவுகோல், துலாக்கோல், ஊன்றுகோல், தூண்டிற்கோல் எனக் கல்வி முதல் வயிற்றுப்பாடு வரை கோலின்றி நடவாது. வள்ளுவர் 55ஆம் அதிகாரத்தைச் செங்கோன்மை என்றும் 56ஆம் அதிகாரத்தைக் கொடுங்கோன்மை என்றும் அமைத்தார். செம்மையாவது நேர்மை, கொடுமையாவது வளைவு. நேராக நிற்கும் கோல் செங்கோல், வளைந்த கோல் கொடுங்கோல். அரசனது கோலுக்குச் சொல்லப்பட்ட இவ்விலக்கணம் நம் மாணவர் கைகளில் இன்று விளங்கும் வேறொரு கோலுக்கும் பொருந்தும். அதுவே பில்லியர்ட்ஸ், ஸ்னூக்கர், பூல் ஆகிய மேசைப் பந்தாட்டங்களில் பந்தை அடிக்கப் பயன்படும் மரக்கோல். அதைத் தூய்மை செய்து பேணும் முறையை இக்கட்டுரையில் காண்போம்.

ஆட்டம் வந்த வழி

ஸ்னூக்கர் நம் நாட்டு மண்ணில் தோன்றிய ஆட்டம் என்பது பலருக்கு வியப்பளிக்கலாம். 1875ஆம் ஆண்டு ஜபல்பூர்ப் படைமுகாமில் இருந்த நெவில் சேம்பர்லேன் என்னும் இளம் ஆங்கிலேய அதிகாரி இதனை வகுத்தார் என்பர். இதன் விதிகள் செம்மைப்பட்டது நம் உதகமண்டலத்து ஊட்டி கிளப்பில். பூந்தமல்லியும் ஒரு காலத்தில் ஆங்கிலேயர் படை தங்கிய ஊர்தான். கண்டோன்மென்ட் என்னும் பெயர் இன்றும் இங்கு வழங்குகின்றது. படைமுகாம்களிலும் கிளப்புகளிலும் அடைபட்டிருந்த ஆட்டம் பின்னர்ப் பொதுமக்கள் கைக்கு வந்தது. 1958இல் வில்சன் ஜோன்ஸ் உலக அமெச்சூர் பில்லியர்ட்ஸ் பட்டம் வென்றார். 1998ஆம் ஆண்டு பாங்காக் ஆசிய விளையாட்டில் கீத் சேத்தியும் அசோக் சாண்டில்யாவும் இரட்டையர் தங்கம் பெற்றனர். 2025 நவம்பரில் தோகாவில் சென்னையைச் சேர்ந்த அனுபமா ராமச்சந்திரன் உலக மகளிர் ஸ்னூக்கர் பட்டத்தை வென்றார். எனவே இதனைப் பொழுதுபோக்கு என்று மட்டும் ஒதுக்கிவிட இயலாது.

கோலின் அமைப்பு

ஸ்னூக்கர் கோலின் தண்டு பெரும்பாலும் ஆஷ் என்னும் மரத்தாலும், பூல் கோலின் தண்டு மேப்பிள் மரத்தாலும் ஆனவை. பிடிப்பகுதியில் கருங்காலி போன்ற கனத்த மரத்தை இணைப்பர். நுனியில் ஒரு பித்தளை வளையம், அதன்மேல் பசையால் ஒட்டிய தோல் முனை. ஸ்னூக்கர் கோலின் நுனி 9 முதல் 10 மில்லிமீட்டரும், பூல் கோலின் நுனி 12 முதல் 13 மில்லிமீட்டரும் விட்டம் உடையவை.

இவ்விரு மரங்களின் இயல்பும் வேறு. ஆஷ் மரத்தில் ஆண்டு வளையந்தோறும் பெரிய நுண்துளைகள் வரிசையாக அமைகின்றன. தண்டில் அம்புமுனைபோல் தெரியும் ரேகைகள் அவையே. அழுக்கு அந்த ரேகைகளில் கோடுகோடாகத் தங்கும். மேப்பிளின் துளைகள் மிகச் சிறியன. எங்கும் பரவலாக உள்ளன. ஆதலின் அதில் அழுக்கு மேற்பரப்பில் படலமாகப் படியும்.

அழுக்கின் மூலம்

ஆடுபவர் ஒரு கையின் விரல்களை மேசைமீது பாலம்போல் அமைத்து, அதன்மேல் கோலைச் செலுத்துகிறார். கோல் தடையின்றி வழுக்கிச் சென்றால்தான் குறி தப்பாது. கைவியர்வையும் அதன் உப்பும், கைக்குப் பூசும் பவுடரும், தோல் முனைக்குத் தேய்க்கும் நீலச் சாக்கின் தூளும் கலந்து பிசுக்காகின்றன. சாக்கு என்று வழங்கினும் இது கரும்பலகையில் எழுதும் சுண்ணக்கட்டி அன்று. 1897இல் அமெரிக்காவில் ஸ்பிங்க்ஸ், ஹாஸ்கின்ஸ் ஆகிய இருவர் காப்புரிமை பெற்ற இப்பொருள், சிலிக்காவும் அராவும் தன்மையுள்ள கடினத் தூளும் சேர்ந்தது. ஆகவே அதனை மரத்தின்மேல் இழுத்துத் தேய்ப்பது மரத்தை அராவுவதற்கு ஒப்பாகும்.

தூய்மை செய்யும் முறை

முதலாவது, ஆட்டம் முடிந்ததும் பித்தளை வளையத்தையும் அதன் அடியையும் தனித்துணியால் துடைத்தல் வேண்டும். பிறகு வேறொரு உலர்ந்த பருத்தித் துணியால் தண்டு முழுவதையும் துடைக்க வேண்டும். இவ்வரிசை மாறினால் நீலத்தூள் தண்டெங்கும் பரவும்.

இரண்டாவது, வாரம் ஒருமுறை துணியை நீரில் நனைத்து, சொட்டு நீரும் இல்லாதவாறு பிழிந்து, தண்டை விரைவாகத் துடைத்து, அந்நொடியே உலர்துணியால் ஈரத்தை வாங்கிவிட வேண்டும். தோல் முனையில் நீர் படலாகாது. பட்டால் தோல் இளகும்.

மூன்றாவது, உலர்துணியால் தண்டைச் சுற்றிப் பிடித்து, கையில் வெம்மை தோன்றும்வரை மேலும் கீழும் தேய்த்தல். ஈரத்தால் எழுந்த நுண்ணிய நார்கள் இதனால் படிந்து மெருகு உண்டாகும்.

நான்காவது, நீங்காத கறைக்குப் பஞ்சில் சிறிது ஸ்பிரிட் தொட்டுத் துடைக்கலாம். வார்னிஷ் பூசிய பகுதியில் இது கூடாது, மெருகு கரைந்துவிடலாம். தீயும் அருகில் இருத்தலாகாது.

சிறு பள்ளம் விழுந்தால் அதன்மேல் ஈரத்துணியின் ஒரு முனையைச் சற்று நேரம் வைக்க, நசுங்கிய நார் நீரை உறிஞ்சி மேலெழும். நன்கு உலர்ந்தபின் தேய்த்து மெருகிடுக.

எண்ணெய் பற்றிய ஐயம்

சிலம்பக் கம்புக்கு எண்ணெய் பூசுவது நம் வழக்கம். அதுபோல இக்கோலுக்கும் தேங்காயெண்ணெய் தடவலாமே என்று மாணவர் வினவுவர். ஆகாது என்பதே விடை. தேங்காயெண்ணெய் காற்றில் உலர்ந்து இறுகும் இயல்புடையதன்று. ஈரப்பசையாகவே நின்று தூளை ஈர்க்கும். ஆளிவிதை எண்ணெயோ காற்றிலுள்ள ஆக்சிசனை ஏற்று இறுகிப் படலமாகும். ஆதலின் வார்னிஷ் இல்லாத ஆஷ் தண்டுக்கு ஆண்டுக்கு இரண்டொரு முறை இதன் சில துளிகளைத் தேய்த்து, ஓரிரவு விட்டு, எஞ்சியதை முற்றும் துடைத்தெடுப்பர். மெருகிட்டு வரும் மேப்பிள் தண்டுக்கு இது வேண்டுவதில்லை.

ஈண்டு ஓர் எச்சரிக்கை இன்றியமையாதது. இவ்வெண்ணெய் உலரும்போது வெப்பம் பிறக்கிறது. எண்ணெய்த் துணியைச் சுருட்டி மூலையில் எறிந்தால் அது தானே தீப்பற்றக்கூடும். விரித்து வெளியில் உலர்த்திய பின்னரே அதனை அகற்ற வேண்டும்.

உப்புத்தாள் செய்யும் கேடு

அழுக்கை நீக்க உப்புத்தாள் எளிய வழி என்று பலர் எண்ணுகின்றனர். நம் மாணவர் ஒருவர், அயல்நாட்டில் உழைக்கும் தமையனார் தம் சேமிப்பிலிருந்து வாங்கித் தந்த கோலை ஒவ்வொரு போட்டிக்கு முன்னும் உப்புத்தாளால் தேய்த்துவந்தார். கோல் பளபளத்தது, ஆனால் ஓராண்டில் நுனி மெலிந்து, பித்தளை வளையம் மரத்தினும் புடைத்து நின்றது. பந்து அவர் குறித்த வழியில் செல்லவில்லை. குறை தம் கையில் என்று எண்ணி அவர் ஆட்டத்தையே விட்டுவிட இருந்தார்.

இதன் கணக்கு எளிது. தண்டின் வளையாத உறுதி விட்டத்தின் நான்காம் மடியைப் பொறுத்தது. 10 மில்லிமீட்டர் தண்டு 9 மில்லிமீட்டராக மெலிந்தால் விட்டம் பத்தில் ஒரு பங்கே குறைகிறது. உறுதியோ மூன்றில் ஒரு பங்கு குறைந்துவிடுகிறது. அழுக்கு மீண்டும் வரும், மீண்டும் போகும். போன மரம் திரும்பி வாராது.

கோடாமல் காத்தல்

மரம் ஈரத்தை ஏற்றும் இழந்தும் வாழும் பொருள். ஐப்பசி, கார்த்திகை மழையில் பூந்தமல்லிக் காற்றின் ஈரம் மரத்தைக் குறுக்கே உப்பச் செய்கிறது. சித்திரை வெயிலில் பூட்டிய காருக்குள் கிடக்கும் கோலின் ஒருபுறம் விரைந்து காய, அது வளைகிறது. சுவரில் சாய்த்துவைத்த கோலும் நாளடைவில் தன் எடையாலேயே கோணும். எனவே உறையிலிட்டுச் சமதளத்தில் கிடத்துக. அன்றேல் தாங்கியில் செங்குத்தாக நிறுத்துக. குளிரூட்டிய கூடத்திலிருந்து வெளிக்கொணரும்போது உறையை உடனே திறவற்க. நேர்மையைச் சோதிக்கத் தச்சர் சட்டத்தைப் பார்ப்பதுபோல் ஒரு கண்ணை மூடி, கோலைச் சுழற்றி, நீளவாட்டில் நோக்குக.

முடிவுரை

இவ்வாட்டக் கூடங்கள் என்றதும் பெரியோர் சிலர் முகம் சுளிப்பதை நாம் அறிவோம். பந்தயப் பணமும் வீண்பொழுதும் பற்றிய அவர்தம் அச்சத்தில் நியாயம் உண்டு. அவை நீங்கிய இடத்தில் ஆட்டம் கண்ணுக்கும் கைக்கும் நிதானத்துக்கும் பயிற்சியாகிறது. தன் பொருளை நாள்தோறும் ஐந்து நிமிடம் துடைத்து வைக்கும் மாணவன் பொறுமையையும் உடன் பயில்கிறான். மேற்கூறிய மாணவரின் கோலுக்கு இனிப் புதுத் தண்டுதான் வேண்டும். அதன் விலையைத் தம் உழைப்பாலேயே சேர்த்துவருகிறார். அவர் பையில் இப்போது உப்புத்தாள் இல்லை, இரண்டு பருத்தித் துணிகளே உள்ளன. பிறர் வியர்வையால் வந்த பொருளைத் தேயவிடாமல் காப்பது இளையோர் கடனாம்.