தேவாலய மண்டபத்துப் பாலர் பள்ளி

கொழும்பு மாநகரிலே மூன்று வயதுப் பிள்ளையைப் பள்ளியிற் சேர்த்த தாயொருத்தியை வினவினால், 'மொன்ரிசோரிக்கு அனுப்புகிறேன்' என்றே விடை கூறுவாள். அப்பள்ளி எம்முறையைத் தழுவியதாயினும், எவரால் நடத்தப்படுவதாயினும், நகர மக்கள் வழக்கில் அதன் பெயர் மொன்ரிசோரிதான். ஒரு பெண்மணியின் பெயர் ஒரு பொருளின் பெயராகவே நிலைத்துவிட்டது. அப்பெயரைக் கேட்டவுடன் மடிப்புக் கலையாத சட்டையும், புதிய சப்பாத்தும், மாதக் கட்டணப் பற்றுச்சீட்டும் பலர் நினைவுக்கு வருகின்றன. ஆயினும் அப்பெயருக்குரிய அம்மையார் தமது முதற் பள்ளியைத் திறந்தது, பெற்றோர் கூலி வேலைக்குச் சென்றபின் மாடிப்படிகளிலும் முற்றத்திலும் கேட்பாரற்றுத் திரிந்த ஏழைப் பிள்ளைகளுக்காகவே.

பாலர் பள்ளியின் வரலாறு பெரும்பாலும் உழைக்கும் ஏழையின் பிள்ளையைச் சுற்றியே அமைந்தது. அவ்வரலாற்றை அறிந்தால், கொட்டாஞ்சேனையிலும் வெள்ளவத்தையிலும் தேவாலயங்களின் அருகே நடைபெறும் சிறு பாலர் பள்ளிகள் எதற்காகத் தோன்றின என்பதும், அவற்றை ஏன் பேணவேண்டும் என்பதும் விளங்கும்.

பிரான்சு நாட்டின் கிழக்கெல்லையில் வோஸ்ஜ் என்னும் மலைத்தொடர் உண்டு. அங்குள்ள வறிய ஊர்களுக்கு 1767ஆம் ஆண்டிலே ஒபர்லின் என்னும் லூத்தரன் குருவானவர் ஒருவர் பொறுப்பேற்றுச் சென்றார். மண் வளமற்றது, தாயும் தந்தையும் உழைத்தாலன்றி அடுப்பு எரியாது. அவ்வேளையில் சாரா பான்சே என்னும் இளம்பெண், அயலிலுள்ள சிறுவரைத் தன்னருகே இருத்திப் பின்னல் வேலை கற்பிப்பதைக் குருவானவர் கண்டார். அதனையே ஒரு முறையான பணியாக்கி, அவளுக்கு ஊதியமும் ஏற்படுத்தினார். பின்னல், பாட்டு, செடி கொடிகளின் பெயர், நல்லொழுக்கம் ஆகியன அங்கே பாடங்களாயின. சாரா இளமையிலேயே இறந்தபின்னர் லூயிஸ் ஷெப்லர் என்னும் பணிப்பெண் அத்தொண்டைப் பல்லாண்டு தொடர்ந்தாள். ஐரோப்பாவின் மிகப் பழைய பாலர் பள்ளிகளுள் ஒன்று இவ்வாறு ஒரு பங்கின் ஆதரவிலே உருவாயிற்று.

அடுத்த படி பஞ்சாலையில் நிகழ்ந்தது. ஸ்கொத்லாந்திலுள்ள நியூ லனார்க் ஆலையின் அதிபராகிய றொபேட் ஓவன், 1816ஆம் ஆண்டு தொழிலாளரின் சிறு பிள்ளைகளுக்கென ஒரு பள்ளியைத் திறந்தார். அடிக்கலாகாது, கடுஞ்சொல் கூறலாகாது என்பது அங்குள்ள விதி. ஓவன் எத்திருச்சபையையும் சாராதவர். எனினும் அவர் காட்டிய வழியை இலண்டனிலுள்ள சமயப் பற்றாளர் பலர் பின்பற்றினர். நெசவாளர் நெருங்கி வாழ்ந்த ஸ்பிற்றல்பீல்ட்ஸ் பகுதியில் 1820ஆம் ஆண்டு தொடங்கிய பள்ளி அவற்றுள் பெயர்பெற்றது.

இவ்வரலாற்றிலே தமிழ் மண்ணுக்கும் ஒரு பங்குண்டு. 1789ஆம் ஆண்டு சென்னை எழும்பூரிலே ஆண் அநாதைப் பிள்ளைகளின் காப்பகத்தைப் பொறுப்பேற்ற அன்ட்ரூ பெல் என்னும் அங்கிலிக்கன் குருவானவர், உள்ளூர்ப் பள்ளியொன்றிலே சிறுவர் மணலைப் பரப்பி விரலால் எழுத்துப் பழகுவதைக் கண்டு வியந்தார். அம்முறையைத் தமது பள்ளியிலே புகுத்தினார். இங்கிலாந்து மீண்டபின் அதனை நூலாக வெளியிட்டார். அதன் பின்னரே இங்கிலாந்தின் ஏழைப் பிள்ளைகளும் மணற்றட்டிலே எழுதலாயினர். நமது திண்ணைப் பள்ளியின் மணல், கடல் கடந்து சென்று அந்நாட்டுத் தேவாலயப் பள்ளிகளில் இடம்பெற்றது.

மரியா மொன்ரிசோரி அம்மையார் மருத்துவக் கல்வி பெற்றவர். 1907ஆம் ஆண்டு ஜனவரி 6ஆம் திகதி, உரோமாபுரியின் சான் லொரென்சோ என்னும் ஏழைக் குடியிருப்பிலே 'சிறுவர் இல்லம்' என்ற பெயரில் தமது முதற் பள்ளியைத் திறந்தார். ஏறக்குறைய 50 பிள்ளைகள் சேர்ந்தனர். குடியிருப்பைச் சீர்செய்த நிறுவனத்தின் கவலை ஒன்றே: பெற்றோர் இல்லாத நேரத்தில் பிள்ளைகள் சுவர்களைப் பழுதாக்காதிருத்தல் வேண்டும். சுவரைக் காக்கத் தொடங்கிய பள்ளியிலே ஒரு கல்விமுறை பிறந்தது. உருளைகளைக் குழியறிந்து பொருத்துதலும், உப்புத்தாளில் வெட்டிய எழுத்துக்களை விரலால் தடவி அறிதலும் அங்கே பழக்கப்பட்டன. சில மாதங்களில் நான்கு, ஐந்து வயதுப் பிள்ளைகள் தாமாகவே எழுதலாயினர். கட்டணம் எதுவும் இல்லை. ஆனால் பிள்ளையைச் சுத்தமாக அனுப்புதலும், வாரத்துக்கு ஒருமுறையேனும் தாய் ஆசிரியையைச் சந்தித்தலும் விதிகளாக இருந்தன. பெற்றோர் வேலையிலிருந்து திரும்பும்வரை, பகல் முழுவதும் பள்ளி திறந்திருந்தது. இச்செய்தி கருத்திற் கொள்ளத்தக்கது, பின்னர் பயன்படும்.

அம்மையார் 1939ஆம் ஆண்டு சென்னை அடையாறுக்கு வந்து ஆசிரியர்களைப் பயிற்றினார். போர் மூண்டமையால் தாயகம் மீள இயலாது இந்தியாவிலே தங்க நேர்ந்தது. 1944ஆம் ஆண்டு இலங்கைக்கும் வந்தார். அவரது பெயர் இத்தீவிலே வேரூன்றியமைக்கு அவ்வருகையும் ஒரு காரணமாகும்.

இனிக் கொழும்பை நோக்குவோம். புறக்கோட்டைக்கும் கொட்டாஞ்சேனைக்கும் இடையிலுள்ள மேட்டிலே ஒல்லாந்தர் 1757ஆம் ஆண்டு பிரதிட்டை செய்த வுல்பெண்டால் தேவாலயம் இன்றும் நிற்கின்றது. ஒல்லாந்தர் காலத்திலே பள்ளியும் பங்கும் ஒரே நிருவாகத்தின் இரு கைகளாக விளங்கின. ஞானஸ்நானப் பதிவும் பள்ளிப் பதிவும் ஒன்றையொன்று சார்ந்திருந்தன. பின்னர் கத்தோலிக்கர் தழைத்த காலத்திலே கொட்டாஞ்சேனை அவர்களது தலைமை இடமாயிற்று. புனித லூசியா பேராலயம் அங்கே எழுந்தது. நல்லாயன் சபைக் கன்னியர் 1869ஆம் ஆண்டு அங்கே வந்து மடமும் பள்ளியும் நிறுவினர்.

1875ஆம் ஆண்டு கொழும்புத் துறைமுகத்தின் அலைதடுப்புச் சுவருக்கு அடிக்கல் நாட்டப்பட்டது. 1885ஆம் ஆண்டு அது நிறைவெய்தியது. கப்பல்கள் பெருகின, சுமை தூக்கும் கைகளும் பெருகின. தென்னிந்தியாவிலிருந்தும், தீவின் பல பாகங்களிலிருந்தும் வந்தோர் கொட்டாஞ்சேனை, கொச்சிக்கடை, முகத்துவாரம் ஆகிய பகுதிகளில் நெருங்கி வாழ்ந்தனர். ஒரே வாயிலும், ஒரே நீர்க்குழாயும், வரிசை வரிசையான ஒற்றையறைகளும் கொண்ட அக்குடியிருப்புக்களைக் கொழும்புத் தமிழர் 'தோட்டம்' என்றனர். பெயர் தோட்டமே, மரமோ செடியோ அங்கே காண்பது அரிது.

வெள்ளவத்தையின் கதையும் இதனை ஒத்ததே. இன்று அடுக்குமாடிகளாலும் புடைவைக் கடைகளாலும் அறியப்படும் அவ்வூர், 19ஆம் நூற்றாண்டின் இறுதியிலிருந்து ஒரு பெரும் பஞ்சாலையின் ஊராகவும் இருந்தது. 1933ஆம் ஆண்டு அவ்வாலைத் தொழிலாளர் நடத்திய வேலைநிறுத்தம் இலங்கைத் தொழிற்சங்க வரலாற்றிலே இடம்பெற்றது. ஆலை இருந்த நிலத்திலே இன்று ஹவ்லொக் சிற்றி என்னும் மாடித் தொகுதி நிற்கின்றது. ஆலைக் கூலியின் இடத்தை வீட்டுப் பணிப்பெண்ணும், காவலாளியும், கடைச் சிப்பந்தியும் நிரப்பியுள்ளனர். மாடியிலுள்ள வீட்டைத் துடைக்கச் செல்லும் தாய் தன் பிள்ளையை யாரிடம் விட்டுச் செல்வாள்?

இவ்வினாவுக்கு அரசு முழுமையாக விடை கூறவில்லை. 1945ஆம் ஆண்டு கல்வி அமைச்சர் கன்னங்கராவின் முயற்சியால் இலங்கையில் இலவசக் கல்வி பிறந்தது. ஆசியாவிலே போற்றப்பட்ட சாதனை அது. ஆனால் அதன் வாயில் ஐந்து வயதிலேதான் திறக்கின்றது. 1960, 1961ஆம் ஆண்டுகளின் சட்டங்களால் உதவிபெறும் பள்ளிகளுட் பெரும்பாலானவற்றை அரசு பொறுப்பேற்றபோது, திருச்சபைகளிடமிருந்த பள்ளிகள் பல கைமாறின. பாலர் பள்ளிகளோ அந்த ஏற்பாட்டிற்குப் புறத்தே நின்றன. 1987ஆம் ஆண்டின் பதின்மூன்றாவது திருத்தம் அவற்றின் மேற்பார்வையை மாகாண சபைகளிடம் ஒப்படைத்தது. மேற்பார்வை வேறு, நடத்துதல் வேறு. ஐந்து வயதின் பின் அரிச்சுவடி முதல் பல்கலைக்கழகம் வரை கட்டணமின்றிக் கற்கும் உரிமை பெற்ற பிள்ளை, அதற்கு முன்னுள்ள ஆண்டுகளிலே பெற்றோரின் பணப்பையையே நம்பவேண்டியதாயிற்று. 'ஐந்தில் வளையாதது ஐம்பதில் வளையுமா' என்பர். ஐந்தை எட்டும் முன்னரே சில பிள்ளைகள் பின்தங்கிவிடுகின்றனர் என்பதைப் பழமொழி கூறவில்லை.

இந்த இடைவெளியிலேதான் தேவாலய மண்டபம் பயன்படுகின்றது. கத்தோலிக்கப் பங்காயினும், அங்கிலிக்கன், மெதடிஸ்த சபையாயினும், ஆலயத்தோடு ஒரு மண்டபம் இருக்கும். ஞாயிற்றுக்கிழமையில் ஓய்வுநாள் பாடசாலையும், சில நாட்களில் திருமண விருந்தும் அங்கே நடைபெறும். ஏனைய நாட்களில் அது வெறுமையாகக் கிடக்கும். அவ்வெறுமையைப் பயன்படுத்தலே இப்பள்ளிகளின் பொருளாதாரம். வாடகை இல்லை, மின்சாரமும் நீரும் சபையின் செலவு, பாய்களும் சிறு நாற்காலிகளும் நன்கொடை. எஞ்சுவது ஆசிரியையின் ஊதியம். அதற்காகவே தாய்மாரிடம் ஒரு சிறு தொகை பெறப்படுகின்றது. பெரும்பாலான பாலர் பள்ளிகளின் துன்பம் இங்கேயே தொடங்குகின்றது. கட்டணத்தை உயர்த்தினால் யாருக்காகப் பள்ளி திறக்கப்பட்டதோ அவர் நின்றுவிடுவர்; உயர்த்தாவிடின் ஆசிரியை நின்றுவிடுவார். இரண்டுக்கும் இடையே பள்ளியைத் தாங்குவது சபை மக்களின் காணிக்கையே.

எழுத்தைக் காட்டிலும் முதன்மையான பணி அங்கே உணவு. 2022ஆம் ஆண்டின் பொருளாதார நெருக்கடியின்போது, செப்டெம்பர் மாதத்திலே கொழும்பு நுகர்வோர் விலைச் சுட்டெண்ணின்படி உணவுப் பணவீக்கம் 94.9 வீதத்தை எட்டியது. முன்னைய ஆண்டு நூறு ரூபா கொடுத்து வாங்கிய உணவுக்கு ஏறக்குறைய இருநூறு ரூபா கொடுக்க நேர்ந்தது. நாட்கூலி வீடுகளிலே முதலிற் குறைவது பாலும் முட்டையும். பசித்த பிள்ளைக்கு உருளையும் தெரியாது, எழுத்தும் தெரியாது. ஒரு கோப்பை கஞ்சியும் அவித்த கடலையும் அத்தகைய பிள்ளைக்கு முதற் பாடமாகின்றன.

இரண்டாவது பணி மொழியைப் பற்றியது. கொட்டாஞ்சேனையிலே தமிழர், சிங்களவர், முஸ்லிம்கள், மலாயர், பறங்கியர், கொழும்புச் செட்டிகள் ஆகியோர் ஒரே தெருவில் வாழ்கின்றனர். ஆனால் ஆரம்பக் கல்வி தாய்மொழியிலே நடைபெறுவதால், ஐந்து வயதிலே தமிழ்ப் பிள்ளை ஒரு வகுப்புக்கும் சிங்களப் பிள்ளை வேறு வகுப்புக்கும் செல்வர். தாய்மொழிக் கல்வி நன்றே. அதனால் விளைந்த பிரிவும் மெய்யே. 1983ஆம் ஆண்டு ஜூலை மாதத்திலே வெள்ளவத்தையும் கொட்டாஞ்சேனையும் பட்ட துன்பத்தை அறிந்தோர், அயலவரின் மொழியைப் பிள்ளைப் பருவத்திலே காதால் கேட்டுப் பழகுவதன் அருமையை உணர்வர். இரு மொழிப் பிள்ளைகளும் ஒரே பாயில் அமரும் பாலர் பள்ளி, பலருக்கு அத்தகைய முதல் வாய்ப்பு.

இப்பள்ளிகளின் பயன் உண்மையானதா என்ற ஐயம் எழலாம். அமெரிக்காவின் மிச்சிகன் மாநிலத்திலே இப்சிலான்றி என்னும் ஊரில் 1962ஆம் ஆண்டு ஓர் ஆய்வு தொடங்கியது. வறிய குடும்பத்துப் பிள்ளைகள் 123 பேரை இரு பிரிவாக்கி, ஒரு பிரிவினருக்கு மட்டும் நல்ல பாலர் கல்வியும், தாய்மாரைச் சென்று காணும் ஆசிரியையரும் அளிக்கப்பட்டனர். அறிவுத்திறச் சோதனைகளிற் கண்ட முன்னேற்றம் சில ஆண்டுகளில் மங்கிற்று. ஆயினும் அவர்கள் நாற்பது வயதை எட்டியபோது, பாலர் கல்வி பெற்றோரே கூடுதலாக உழைத்தனர். குற்றங்களுக்காகக் கைதானோரும் அவர்களுள்ளே குறைவு. பள்ளி அவர்களிடம் விதைத்தது வெறும் எழுத்தறிவன்று; முயற்சியும் அடக்கமுமே.

குறைகளையும் கூறாதிருத்தல் ஆகாது. அயலிலுள்ள கட்டணப் பள்ளியோடு போட்டியிட எண்ணி, மூன்று வயதுப் பிள்ளையின் கையிலே பென்சிலைத் திணித்து ஆங்கில எழுத்தை நிரை நிரையாக எழுதுவிப்பது முதற் குறை. தாய் மாலைவரை வேலை செய்யும்போது பள்ளி நண்பகலுக்கு முன்னரே மூடப்படுவது இரண்டாவது. சான் லொரென்சோவின் பள்ளி பகல் முழுவதும் திறந்திருந்தமை இங்கேதான் நினைவுகூரத்தக்கது. மூன்றாவது, சமயத்தைப் பற்றிய ஐயம். மிஷன் பள்ளிகள் மதமாற்றத்துக்கு வழியாயின என்னும் கவலையே சைவ மக்களைத் தமக்கெனப் பள்ளிகள் நிறுவத் தூண்டியது. 1902ஆம் ஆண்டு தோன்றிய கொழும்பு விவேகானந்த சபை கொட்டாஞ்சேனைப் பகுதியிலே நிலைபெற்றதும் அக்காலச் சூழ்நிலையிலேயே. எனவே, எச்சமயத்துப் பிள்ளையையும் நிபந்தனையின்றி ஏற்று, வீட்டு வழிபாட்டை மதித்து அனுப்பும் பள்ளிக்கே அயலவரின் நம்பிக்கை கிட்டும். கோவிலும், விகாரையும், பள்ளிவாசலும் தத்தம் மண்டபங்களை இவ்வாறே திறந்தால், சுமை ஒருவர் தோளில் மட்டும் இராது.

ஜேர்மனிய அறிஞர் புரோபல் 1840ஆம் ஆண்டு தமது பாலர் பள்ளிக்கு வைத்த பெயரின் பொருள் 'சிறுவர் தோட்டம்' என்பது. கொட்டாஞ்சேனைத் தோட்டங்களிலே பிறக்கும் பிள்ளைகளுக்கு அத்தகைய தோட்டமொன்று கிடைத்தல் வேண்டும். அரசு அப்பொறுப்பை முழுமையாக ஏற்கும் நாள் வரும்வரை, காலை எட்டு மணிக்கு மண்டபக் கதவைத் திறந்து, பாயை விரித்து, வாயிலிலே நின்று பிள்ளைகளைப் பெயர் சொல்லி அழைக்கும் ஆசிரியையை நம்பியே அப்பிள்ளைகள் இருப்பர். அவருக்குத் தக்க ஊதியம் கிடைக்கச் செய்தலே, இப்பள்ளிகளை மதிப்போர் முதலிற் செய்யவேண்டிய காரியம்.