உலகக் கணிப்பும் குண்டசாலை மழையும்

மழை பொய்த்தால் வயல் வாடும்; அளவிறந்து பெய்தால் மலை சரியும். இவ்விரு துன்பங்களுக்கும் இடையே வாழும் மலைநாட்டு மக்கள், வருங்காலத்தில் வானம் எங்ஙனம் ஒழுகும் என அறிய அவாவுதல் இயல்பே. உலகக் காலநிலை மாதிரிகள் இவ்வினாவுக்கு விடை தர முயல்கின்றன. உலகம் முழுமைக்கும் பொதுவான அவ்விடை ஒரு சிற்றூருக்கு எவ்வளவு பொருந்தும் என்பதே ஈண்டு ஆராயத்தக்கது.

கண்டி மாநகருக்குக் கிழக்கே, மகாவலி கங்கைக் கரையில் அமைந்தது குண்டசாலை. 1707 முதல் 1739 வரை கண்டியை ஆண்ட வீர பராக்கிரம நரேந்திரசிங்கன் இங்கே மாளிகை அமைத்து வாழ்ந்தமையால் குண்டசாலை மன்னன் என்றே பெயர் பெற்றான். இக்காலத்தில் விவசாயப் பாடசாலையால் இவ்வூர் சிறப்புற்றது. தென்மேற்குப் பருவக்காற்று மத்திய மலைகளின் மேற்குச் சரிவில் மோதி மேலெழுந்து மழையைச் சொரிகின்றது. ஆதலின் வத்தவளைப் பகுதியில் ஆண்டுக்கு 5000 மில்லிமீற்றர் அளவில் மழை பெய்கின்றது. அங்கிருந்து நேர்கோட்டில் ஏறத்தாழ 40 கிலோமீற்றர் தொலைவிலுள்ள குண்டசாலையோ மலைகளின் மறைவில் உள்ளது. அங்குப் பெறப்படும் மழை அதிற் பாதியும் இல்லை. ஈரவலயத்துக்கும் உலர்வலயத்துக்கும் நடுவணதாகிய இடைவலயத்தைச் சார்ந்தது அவ்வூர்.

இனி, காலநிலை மாதிரி என்பது யாது? வளிமண்டலத்தையும் கடலையும் பல்லாயிரங் கட்டங்களாகப் பகுத்து, ஒவ்வொரு கட்டத்திலும் காற்று, வெப்பம், ஈரம், அமுக்கம் ஆகியன பௌதிக விதிகளின்படி மாறுமாற்றைக் கணினியாற் கணிப்பதே அது. 1922இல் இங்கிலாந்து அறிஞர் ரிச்சட்சன் வானிலையை எண்களாற் கணிக்கும் முறையை நூலாக வெளியிட்டார். 1956இல் நோர்மன் பிலிப்சு கணினியின் துணையால் வளிமண்டலப் பொதுச் சுற்றோட்டத்தைக் கணித்துக் காட்டினார். 1967இல் மனாபேயும் வெதரல்டும், காற்றிலுள்ள கரியமிலவாயு இருமடங்காயின் புவியின் வெப்பம் ஏறத்தாழ 2.3 பாகை செல்சியசு உயரும் எனக் கணித்தனர். மனாபே 2021இல் நோபல் பரிசு பெற்றார்.

இம்மாதிரிகளின் ஒரு கட்டம் பொதுவாக 100 முதல் 250 கிலோமீற்றர் வரை அகலமுடையது. இலங்கையின் நீளம் ஏறத்தாழ 435 கிலோமீற்றர். அகலம் 225 கிலோமீற்றர். ஆகவே இத்தீவு முழுவதும் ஒரு சில கட்டங்களுள் அடங்கிவிடும். 2524 மீற்றர் உயர்ந்த பிதுருதலாகலையும் கரையோரச் சமவெளியும் ஒன்றாகச் சராசரியாக்கப்படுகையில், மலைநாடு தாழ்ந்த மேடாகத் தேய்ந்துபோகும். மலை இல்லையேல் மழைமறைவும் இல்லை. வத்தவளைக்கும் குண்டசாலைக்கும் ஒரே மழையை மாதிரி கூறுவது இதனாலேயே. ஒருவன் நாட்டுப் படத்தை வைத்துக்கொண்டு தன் வளவின் வேலியைத் தேடுவது போன்றதே அது.

இக்குறையை நீக்க இரு வழிகள் உள. முதலாவது, தென்னாசியா போன்ற ஒரு பிரதேசத்தை மட்டும் 50 அல்லது 25 கிலோமீற்றர் கட்டங்களாகப் பகுத்து, உலக மாதிரி தரும் காற்றையும் ஈரத்தையும் அதன் எல்லையிற் புகுத்திக் கணித்தல். பூனாவிலுள்ள இந்திய வெப்பமண்டல வானிலையியல் நிறுவனம் இத்தகைய பணியில் ஈடுபட்டுள்ளது. இரண்டாவது, கடந்த காலத்துப் பெருங்காற்றோட்டங்களுக்கும் ஓரூரின் மழைமானி காட்டிய அளவுக்கும் உள்ள தொடர்பைப் புள்ளிவிவர முறையாற் கண்டு, அதனை வருங்காலத்துக்கு ஏற்றுதல். முதல் வழிக்குப் பெருங்கணினியும் பெரும்பொருளும் வேண்டும். இரண்டாம் வழி எளிது. ஆயினும் பழைய தொடர்பு வெப்பமிகுந்த உலகிலும் நிலைக்கும் எனக் கொள்வது அதன் பலவீனம்.

எவ்வழியைக் கைக்கொள்ளினும் ஐயம் முற்றும் அகலாது. மக்கள் எவ்வளவு கரியமிலவாயுவை வெளியிடுவர் என்பது முதல் ஐயம். மாதிரிகள் தம்முள் வேறுபடுதல் இரண்டாவது. எல்நினோ போன்ற இயற்கை ஏற்றத்தாழ்வுகள் மூன்றாவது. ஆதலின் ஒரு மாதிரியின் ஓர் எண்ணை நம்பாது, பல மாதிரிகளின் விடைகளை ஒருங்கே வைத்து, அவை எங்கே ஒத்துப்போகின்றன என நோக்குதலே அறிவுடைமை. வெப்பம் உயரும் என்பதில் யாவும் ஒத்துரைக்கின்றன. காற்று ஒரு பாகை வெப்பமுறின் ஏறத்தாழ நூற்றுக்கு 7 பங்கு மிகுதியான நீராவியைத் தாங்கவல்லது. ஆதலின் பெருமழை மேலும் கடுமையாகும் என்பதும் உறுதியான எதிர்பார்ப்பே. ஓரூரின் ஆண்டு மழை கூடுமா குறையுமா என்பதிலேயே வேற்றுமை மிகுகின்றது.

இவ்வாராய்ச்சி ஏட்டோடு நின்றுவிடுவதன்று. 2025 நவம்பரில் டித்வா புயல் கொணர்ந்த பெருமழையால் கண்டி மாவட்டத்தின் சரிவுகள் பல இடங்களிற் பெயர்ந்து உயிர்களைக் கொண்டன. எந்தச் சரிவில் வீடு கட்டலாகாது, எந்தப் போகத்துக்கு எவ்விதை ஏற்றது, மகாவலி நீரை எவ்வாறு தேக்கிப் பங்கிடுவது என்னும் முடிவுகள் யாவும் சிறு நிலத்தின் மழையைப் பற்றியனவே.

மாதிரியின் கணிப்பை உரைத்துப் பார்க்கும் கட்டளைக்கல் மழைமானியே. ஒவ்வொரு நாளும் தவறாது குறிக்கப்படும் அளவுகள் இல்லையேல், எத்துணைப் பெரிய கணினியும் ஓரூரைப் பற்றிய உண்மையைக் கூறவல்லதன்று. கல்லூரி முற்றத்தில் ஒரு மழைமானியை நாட்டி ஆண்டுதோறும் கணக்கெழுதும் மாணவர், உலக விஞ்ஞானத்துக்கே ஒரு கைகொடுப்போராவர்.