மின்னஞ்சல் பெட்டிக்கு எதற்குப் பூட்டு?

ஏற்காட்டுக் காப்பித் தோட்டம் ஒன்றில் பழம் பறிக்கும் காலம் என்று வைத்துக்கொள்ளுங்கள். மாலையில் பறித்த பழங்களை எடை போடுகிறார்கள். தராசுகள் இரண்டு, ஒவ்வொன்றின் அருகிலும் ஒரு கணக்கப்பிள்ளை. ஆனால் அன்றைய மொத்த எடையை எழுதும் நோட்டு ஒன்றுதான். அதில் இப்போது 500 கிலோ என்று இருக்கிறது.

முதல் கணக்கப்பிள்ளை நோட்டைப் பார்க்கிறார்: 500. தம் தராசில் 40 கிலோ. மனத்துக்குள் கூட்டிக்கொள்கிறார். அதே நேரத்தில் இரண்டாமவரும் நோட்டை எட்டிப் பார்க்கிறார்: 500. அவருடைய தராசில் 60 கிலோ. முதலாமவர் வந்து பழைய எண்ணை அழித்துவிட்டு 540 என்று எழுதுகிறார். அடுத்த நொடியில் இரண்டாமவர் வந்து, இருப்பதை அழித்துவிட்டு 560 என்று எழுதுகிறார். சரியான மொத்தம் எவ்வளவு? 600 கிலோ. 40 கிலோ பழம் கணக்கிலிருந்து மறைந்துவிட்டது!

இங்கே யாரும் திருடவில்லை. யாரும் தவறாகக் கூட்டவும் இல்லை. இருவரும் தத்தம் வேலையைச் சரியாகவே செய்தார்கள். ஒருவர் நோட்டைப் பார்த்ததற்கும் எழுதியதற்கும் நடுவில் மற்றவர் புகுந்துவிட்டார், அவ்வளவுதான். மனிதராக இருந்தால், "இப்போதுதானே 500 இருந்தது, 540 எப்படி வந்தது?" என்று ஒரு கணம் தயங்கியிருப்பார். கணிப்பொறிக்கு அந்தத் தயக்கம் கிடையாது. எழுதச் சொன்னதை எழுதிவிடும். ஆகவே இந்த ஆபத்து கணிப்பொறிகளில் மிகவும் அதிகம். அது எங்கே வரும், எப்படித் தடுக்கிறார்கள் என்பதை நமக்குப் பழக்கமான மின்னஞ்சலைக் கொண்டே பார்ப்போம்.

பெட்டி என்பது ஒரு கோப்பு

ஒரு கணிப்பொறியிலிருந்து மற்றொரு கணிப்பொறிக்கு வலையமைப்பு வழியே முதன்முதலாக மின்னஞ்சல் அனுப்பியவர் அமெரிக்கப் பொறியாளர் ரே டாம்லின்சன், ஆண்டு 1971. அவர் காலத்து அஞ்சற்பெட்டி வெறும் கோப்புதான். அதற்கு ஒரே ஒரு சிறப்பு உண்டு: பிறர் அதன் கடைசியில் புதிதாக எழுதிச் சேர்க்கலாம், முன்பே இருப்பதைப் படிக்கவோ மாற்றவோ முடியாது.

பின்னர் யூனிக்ஸ் கணிப்பொறிகளிலும் இதே வழக்கம் வந்தது. ஒருவருக்கு வரும் கடிதங்கள் எல்லாம் ஒரே கோப்பில் ஒன்றன்கீழ் ஒன்றாக ஒட்டப்படும். ஒவ்வொரு கடிதமும் 'ஃப்ரம்' என்ற ஆங்கிலச் சொல்லில் தொடங்கும் ஒரு வரியோடு ஆரம்பமாகும். அந்த வரியைக் கண்டுதான் அடுத்த கடிதம் எங்கே தொடங்குகிறது என்று நிரல் அறிந்துகொள்ளும். இந்த அமைப்புக்கு எம்பாக்ஸ் என்று பெயர். 1986-இல் தொடங்கிய எர்நெட் திட்டம் சென்னை ஐ.ஐ.டி. உள்ளிட்ட நம் நாட்டு உயர்கல்வி நிறுவனங்களை மின்னஞ்சலால் இணைத்தபோது, உலகெங்கும் யூனிக்ஸ் கணிப்பொறிகளில் பரவியிருந்த அமைப்பு இதுவே. தண்டர்பேர்டு போன்ற நிரல்கள் இன்றும் இதைப் பயன்படுத்துகின்றன.

இந்தக் கோப்பைத் தொடும் நிரல்கள் குறைந்தது இரண்டு. ஒன்று, வெளியிலிருந்து வரும் கடிதத்தைக் கோப்பின் கடைசியில் சேர்க்கும் நிரல். இதைத் தபால்காரர் என்று கொள்வோம். மற்றொன்று, நீங்கள் கடிதங்களைப் படிக்கவும் நீக்கவும் உதவும் நிரல். இதை வாசகர் என்று அழைப்போம். இரண்டும் ஒன்றையொன்று அறியாமல் தனித்தனியே ஓடுபவை.

கடிதம் எப்படித் தொலைகிறது?

உங்கள் பெட்டியில் 10 கடிதங்கள் உள்ளன. வாசகர் நிரல் கோப்பு முழுவதையும் நினைவகத்தில் படித்துக்கொள்கிறது. நீங்கள் 3 கடிதங்களை நீக்குகிறீர்கள். மீதி 7 கடிதங்களை வாசகர் கோப்பில் மீண்டும் எழுத வேண்டும். அந்த நேரம் பார்த்து, கல்லூரியிலிருந்து உங்களுக்கு நேர்முகத் தேர்வுக் கடிதம் வருகிறது. தபால்காரர் நிரல் அதைப் பதினோராவது கடிதமாகக் கோப்பின் கடைசியில் சேர்த்துவிட்டுப் போகிறது. வாசகர் நிரலுக்கு இது தெரியாது. தன்னிடமுள்ள 7 கடிதங்களைப் பழைய கோப்பின் மேல் எழுதிவிடுகிறது.

பதினோராவது கடிதம் போனது போனதுதான். "கடிதம் சேர்ந்துவிட்டது" என்று தபால்காரர் நிரல் தன் குறிப்பேட்டில் பதிந்திருக்கும். ஆகவே அனுப்பியவருக்கு எந்த எச்சரிக்கையும் போகாது. உங்களுக்கோ அப்படி ஒரு கடிதம் வந்ததே தெரியாது.

தெருவோரத்துச் சிவப்புத் தபால் பெட்டியில் இப்படி நடப்பதில்லையே, ஏன்? தபால்காரர் பெட்டியைத் திறந்து கடிதங்களை எடுக்கும்போதே நீங்கள் மேலே ஒரு கடிதத்தைப் போட்டாலும் அது பெட்டிக்குள்தான் விழும். அவர் பெட்டியையே கழற்றிவிட்டு, காலையில் செய்து வைத்த நகல் பெட்டி ஒன்றை அங்கே மாட்டுவதில்லை. கணிப்பொறி செய்வதோ அதைத்தான்: நகல் எடு, நகலைத் திருத்து, அசலின் இடத்தில் நகலை வை. இந்த மூன்று படிகளுக்கு நடுவில் வேறு எவரும் அசலைத் தொடக்கூடாது. அதற்காகத்தான் பூட்டு.

பூட்டு எப்படிப்பட்டது?

மிகப் பழைய பூட்டு மிகவும் எளியது. பெட்டிக் கோப்பின் பெயரோடு ஒரு புள்ளியும் 'லாக்' என்ற சொல்லும் சேர்த்து, அதே இடத்தில் ஒரு சின்னக் கோப்பை உருவாக்க வேண்டும். அந்தச் சின்னக் கோப்பு இருந்தால், "உள்ளே ஆள் இருக்கிறது, காத்திரு" என்று பொருள். வேலை முடிந்ததும் அதை நீக்கிவிட வேண்டும்.

இதில் ஒரு நுணுக்கம் இருக்கிறது. நிரல் முதலில் பூட்டுக் கோப்பு இருக்கிறதா என்று பார்க்கிறது. இல்லை. பிறகு அதை உருவாக்குகிறது. பார்ப்பது ஒரு படி, உருவாக்குவது மற்றொரு படி. இரண்டுக்கும் நடுவில் ஆயிரத்தில் ஒரு நொடி இடைவெளி என்று வையுங்கள். நமக்கு அது ஒன்றுமே இல்லை. ஆனால் நொடிக்கு 100 கோடிச் செயல்கள் செய்யும் கணிப்பொறிக்கு அது 10 லட்சம் செயல்களுக்கான நேரம்! அதற்குள் இரண்டாவது நிரலும் "பூட்டு இல்லை" என்று பார்த்துவிட்டால், இருவரும் பூட்டியதாக நம்பிக்கொண்டு இருவரும் உள்ளே நுழைவார்கள். காப்பி நோட்டின் கதை பூட்டிலேயே நடந்துவிடுகிறது.

ஆகவே பார்ப்பதும் பூட்டுவதும் பிரிக்க முடியாத ஒரே செயலாக இருக்க வேண்டும். "இந்தப் பெயரில் கோப்பு இல்லையென்றால் மட்டும் உருவாக்கு, இருந்தால் முடியாது என்று சொல்" என்ற ஒரே கட்டளையை இயக்க முறைமை தருகிறது. இரண்டு நிரல்கள் ஒரே கணத்தில் கேட்டாலும் ஒன்றுக்குத்தான் 'முடிந்தது' என்ற விடை கிடைக்கும்.

இதே தத்துவம் ரயில்வேயில் முன்பே இருந்தது. நம் நாட்டின் ஒற்றைத் தண்டவாளப் பாதைகள் பலவற்றில் நீண்ட காலம் நீல் பந்து டோக்கன் கருவி என்ற சாதனம் பயன்பட்டது. அடுத்தடுத்த இரண்டு நிலையங்களில் உள்ள கருவிகள் மின்கம்பியால் இணைக்கப்பட்டிருக்கும். ஒரு பந்து வெளியே எடுக்கப்பட்டுவிட்டால், அது ஏதாவதொரு கருவிக்குள் திரும்பிப் போகும்வரை இரண்டிலிருந்தும் வேறு பந்து வெளிவராது. பந்து கையில் இல்லாமல் ஓட்டுநர் வண்டியை எடுக்கமாட்டார். எனவே இரு நிலையங்களுக்கிடையே ஒரு சமயத்தில் ஒரே ரயில்தான். கணிப்பொறியில் இந்தப் பிரச்சினையை 1965-இல் கணித முறையில் அலசித் தீர்வு தந்தவர் டச்சு அறிஞர் எட்ஸ்கர் டைக்ஸ்ட்ரா. அவர் உருவாக்கிய கருவிக்குச் சூட்டிய பெயர் செமஃபோர். அதாவது, ரயில்வே கைகாட்டி!

பூட்டும் ஓர் உடன்படிக்கையே

இன்னொரு செய்தி உங்களுக்கு வியப்பாக இருக்கலாம். இந்தப் பூட்டு யாரையும் வலுவில் தடுப்பதில்லை. பூட்டுக் கோப்பைப் பார்க்காமலே ஒரு நிரல் நேராகப் பெட்டிக் கோப்பில் எழுதினால், அது எழுதப்பட்டுவிடும்.

சேலத்திலிருந்து ஏற்காட்டுக்கு ஏறும் மலைப்பாதையில் 20 கொண்டை ஊசி வளைவுகள் உள்ளன. மலைப்பாதையில் அகலம் போதாத இடத்தில், இறங்கும் வண்டி ஏறும் வண்டிக்கு வழிவிட வேண்டும் என்பது சாலை விதி. அங்கே குறுக்குக் கட்டை எதுவும் இல்லை. விதியை எல்லா ஓட்டுநரும் மதிப்பதால்தான் போக்குவரத்து நடக்கிறது. ஒரே ஒருவர் மதிக்காவிட்டாலும் விபத்துதான். அஞ்சற்பெட்டிப் பூட்டும் இப்படிப்பட்டதே. எல்லா நிரல்களும் மதிக்க வேண்டும். அதுவும் எல்லாம் ஒரே பூட்டை மதிக்க வேண்டும்.

இங்கேதான் சிக்கல் வந்தது. பூட்டுக் கோப்பு தவிர, இயக்க முறைமையே வைத்திருக்கும் பூட்டுகளும் தோன்றின. பெர்க்லி பல்கலைக்கழகத்தின் 1983-ஆம் ஆண்டு யூனிக்ஸ் பதிப்பு 'எஃப்லாக்' என்ற பூட்டைத் தந்தது. வேறொரு யூனிக்ஸ் மரபு 'எஃப்சிஎன்டிஎல்' என்ற பூட்டைத் தந்தது. லினக்ஸில் ஒரே கணிப்பொறியில் உள்ள ஒரே கோப்பின் மேல் இவ்விரண்டையும் போட்டால், ஒன்றுக்கு மற்றொன்று இருப்பதே தெரியாது! தபால்காரர் முதல் வகையையும் வாசகர் இரண்டாம் வகையையும் பயன்படுத்தினால் இருவரும் பூட்டியிருப்பார்கள். கடிதம் மட்டும் தொலையும்.

1984-இல் சன் நிறுவனம் உருவாக்கிய என்.எஃப்.எஸ். முறையில், கோப்பு ஒரு கணிப்பொறியிலும் அதைத் தொடும் நிரல்கள் வேறு கணிப்பொறிகளிலும் இருக்கலாம். அதன் பழைய பதிப்பில், நாம் மேலே பார்த்த 'இல்லையென்றால் மட்டும் உருவாக்கு' என்ற கட்டளை பிரிக்க முடியாத செயலாக நடக்கவில்லை. 1995-இல் வந்த மூன்றாம் பதிப்பில்தான் அதற்கு முறையான வழி செய்தார்கள்.

இறந்தவன் பூட்டும், தீராத காத்திருப்பும்

பூட்டிய நிரல் வேலை முடியுமுன் நின்றுபோனால்? பூட்டுக் கோப்பு அப்படியே கிடக்கும். மற்ற நிரல்கள் வராத ஆளுக்காகக் காத்துக்கொண்டிருக்கும். இதற்காகப் பூட்டுக் கோப்புக்குள் பூட்டிய நிரலின் அடையாள எண்ணை எழுதி வைப்பார்கள். அந்த எண்ணுள்ள நிரல் உயிரோடு இல்லையென்றால் பூட்டை நீக்கலாம். இயக்க முறைமையின் பூட்டுகளில் இந்தத் தொல்லை குறைவு; நிரல் நின்றவுடன் பூட்டும் தானே விடுபடும்.

மற்றோர் ஆபத்தும் உண்டு. பாதுகாப்புக்காக ஒரு நிரல் இரண்டு வகைப் பூட்டுகளையும் போட நினைக்கிறது. தபால்காரர் முதலில் பூட்டுக் கோப்பை உருவாக்கிவிட்டு எஃப்சிஎன்டிஎல் பூட்டுக்குக் காத்திருக்கிறது. வாசகரோ முதலில் எஃப்சிஎன்டிஎல் பூட்டைப் பிடித்துக்கொண்டு பூட்டுக் கோப்புக்காகக் காத்திருக்கிறது. கொண்டை ஊசி வளைவில் இரண்டு பேருந்துகள் முட்டிக்கொள்ளும்படி வந்து நின்று, இரண்டின் பின்னாலும் வண்டிகள் சேர்ந்துவிட்டால் என்ன ஆகும்? எதுவும் முன்னே போகாது, பின்னேயும் போகாது. அதே நிலைதான் இங்கும். இதை முட்டுக்கட்டை நிலை என்பார்கள்.

இதற்கு மருந்து எளியது: எல்லோரும் ஒரே வரிசையில் பூட்ட வேண்டும். டெபியன் என்னும் லினக்ஸ் வெளியீட்டை உருவாக்குவோர் இதை விதியாகவே எழுதி வைத்திருக்கிறார்கள். அஞ்சற்பெட்டியைத் தொடும் நிரல்கள் முதலில் எஃப்சிஎன்டிஎல் பூட்டும், அதன் பிறகு பூட்டுக் கோப்பும் என்ற வரிசையைப் பின்பற்ற வேண்டும். அல்லது, பூட்டுக் கிடைக்காதபோது கையிலுள்ளதையும் பிடித்துக்கொண்டு காத்துக் கிடக்காமல் திரும்பிவிட வேண்டும்.

பூட்டே இல்லாமல் முடியுமா?

முடியும். அமெரிக்கக் கணித அறிஞர் டேனியல் பெர்ன்ஸ்டீன் 1990-களின் நடுவில் மெயில்டிர் என்ற அமைப்பை உருவாக்கினார். அவர் பூட்டைச் சரி செய்ய முயலவில்லை, "எல்லாக் கடிதங்களையும் ஒரே கோப்பில் ஏன் ஒட்ட வேண்டும்?" என்று கேட்டார். மெயில்டிர் அமைப்பில் ஒவ்வொரு கடிதமும் ஒரு தனிக் கோப்பு. நேரம், நிரலின் எண், கணிப்பொறியின் பெயர் ஆகியவற்றைச் சேர்த்துக் கோப்புக்குப் பெயர் வைப்பதால், இரண்டு கடிதங்களுக்கு ஒரே பெயர் வராது. தபால்காரர் நிரல் கடிதத்தைத் தற்காலிக அறையில் முழுவதும் எழுதி முடித்த பின்பே, புதியவற்றுக்கான அறைக்கு மாற்றும். இந்த மாற்றம் பிரிக்க முடியாத ஒரே செயல். எனவே பாதி எழுதிய கடிதம் வாசகர் கண்ணில் படாது. நீங்கள் ஒரு கடிதத்தை நீக்கினால் அந்தக் கோப்பு மட்டுமே போகும். மற்றவற்றை யாரும் மீண்டும் எழுதுவதில்லை.

காப்பித் தோட்டத்திலும் இதைச் செய்யலாம். ஒவ்வொரு எடையையும் ஒரு தனிச் சீட்டில் எழுதிப் பெட்டியில் போட்டுவிட்டு, கடைசியில் எல்லாச் சீட்டுகளையும் ஒருவரே கூட்டினால் போதும். நோட்டுக்காக யாரும் காத்திருக்க வேண்டாம். எடைக்கு ஏற்பக் கூலி வாங்கும் தொழிலாளிக்கு ஒரு கிலோகூடக் குறையாது.

நீங்களே செய்து பாருங்கள். கரும்பலகையில் 0 என்று எழுதுங்கள். நான்கு மாணவர்கள் வகுப்பின் நான்கு மூலைகளிலும் நிற்கட்டும். ஒவ்வொருவரும் பலகைக்கு வந்து எண்ணைப் பார்த்து, தம் மூலைக்குச் சென்று ஒன்று கூட்டித் தாளில் எழுதி, திரும்பி வந்து பலகையின் எண்ணை அழித்துவிட்டு அதை எழுத வேண்டும். ஒவ்வொருவரும் ஐந்து முறை செய்யட்டும். 20 வர வேண்டும், எவ்வளவு வருகிறது? அடுத்து, சுண்ணக்கட்டி ஒன்றை மேசைமேல் வைத்து, அது கையில் இருப்பவர் மட்டுமே பலகையைப் பார்க்கலாம், எழுதி முடித்த பின்பே அதை மேசையில் வைக்கலாம் என்று விதி செய்து மீண்டும் ஆடுங்கள். இப்போது விடையையும், ஆட்டம் முடிய ஆன நேரத்தையும் குறித்துக்கொள்ளுங்கள். பிறகு சீட்டு முறையிலும் ஒரு தடவை ஆடிப் பாருங்கள். மூன்றில் எது சரியானது, எது விரைவானது என்பதை உங்கள் கைக்கடிகாரமே சொல்லிவிடும்.