கடலோரக் கழுத்துக்கும் அயோடின் வேண்டும்

சாத்தான்குளம் பஜாரில் டீ குடித்துக்கொண்டிருந்தபோது அண்ணாச்சி ஒருவர் கேட்டார்: "கடல் பக்கத்துலயே இருக்கோம், ஆறுமுகநேரி உப்பத்தான் திங்கோம். நமக்கு எதுக்குத் தனியா அயோடின்?"

நியாயமான கேள்வி. கணக்குப் போட்டே பார்க்கலாம். ஒரு லிட்டர் கடல்நீரில் அயோடின் சுமார் 0.06 மில்லிகிராம்தான். ஒரு கிலோ உப்புக்கு 40 லிட்டர் வற்றியதாக வைத்துக்கொண்டாலும் இரண்டரை மில்லிகிராம் தேறாது. அதிலும் பெரும்பகுதி, உப்பை வாரிய பிறகு பாத்தியில் மிஞ்சும் கசப்பு நீரோடு போய்விடும். நம் வீட்டுக்கு வரும் உப்பிலோ கிலோவுக்கு 15 மில்லிகிராமாவது இருக்க வேண்டும்.

ஏன் அவ்வளவு? தைராய்டு செல்லுக்கு அயோடினால் இரண்டு காரியம் ஆக வேண்டும். ஒன்று தெரிந்ததே: டி4 ஹார்மோனில் நான்கு அயோடின் அணுக்கள், டி3-யில் மூன்று. அயோடின் குறைந்தால் ஹார்மோன் குறையும். உடனே பிட்யூட்டரி சுரப்பி, தைராய்டைத் தூண்டும் டிஎஸ்எச் ஹார்மோனைக் கூடுதலாக அனுப்பும். அதன் உந்துதலில் செல்கள் பெருகிக் கழுத்தில் கழலை விழும்.

பாடப்புத்தகம் இங்கே நின்றுவிடுகிறது. ஆனால், டிஎஸ்எச் பெரிதாக ஏறாதவர்களுக்கும் கழலை வருகிறதே! இங்குதான் இரண்டாவது காரியம். அயோடின் செல்லிலுள்ள கொழுப்போடும் சேர்கிறது. அராகிடோனிக் அமிலத்தோடு சேர்ந்தால் அயோடோலாக்டோன். செல் சவ்வின் பிளாஸ்மலோஜனோடு சேர்ந்தால் அயோடோஹெக்ஸாடெகனால். முன்னது செல் பெருகுவதைத் தடுக்கிறது. பின்னது, டிஎஸ்எச் சொல்வதைச் செல்லுக்குள் கடத்தும் அடினைலேட் சைக்ளேஸ் நொதியை அடக்குகிறது. அயோடின் குறைந்தால் இந்தக் கடிவாளமும் தளர்கிறது. சாதாரண அளவு டிஎஸ்எச்சுக்கே செல் துள்ளுகிறது.

இதைக் கண்டுபிடித்த விதம் எனக்கு மிகவும் பிடிக்கும். ஆய்வகத்தில் வளர்த்த தைராய்டு செல்களுக்கு அயோடைடு கொடுத்தால் பெருக்கம் குறையும். கூடவே மெத்திமசோல் மருந்தைச் சேர்த்தால் அந்தத் தடை விலகிவிடும். அயோடினை மற்ற மூலக்கூறுகளோடு இணைக்கும் நொதியை முடக்கும் மருந்து அது. அப்படியென்றால் அயோடைடு தனியாக இருந்து எதையும் அடக்கவில்லை. அது சேர்ந்து உருவாகும் சேர்மமே அடக்குகிறது.

அயோடின் உப்பு கழலையைக் குறைக்கும் என்பதற்கு ஊர் அளவில் சாட்சி காங்கிரா பள்ளத்தாக்கு, இன்றைய இமாசலப் பிரதேசம். 1956-இல் மருத்துவ ஆய்வாளர் வி. ராமலிங்கசுவாமி குழுவினர் அதை மூன்று பகுதியாகப் பிரித்து, இரண்டுக்கு அயோடின் உப்பும் ஒன்றுக்குச் சாதா உப்பும் கொடுத்தார்கள். 1962-க்குள் அந்த இரண்டு பகுதிகளில் பள்ளிப் பிள்ளைகளின் கழலை ஏறக்குறையப் பாதியாகிவிட்டது. மூன்றாவதில் குறையவே இல்லை. பிறகு அவர்களுக்கும் அயோடின் உப்பு போனது.

தூத்துக்குடி உப்பளங்களை வைத்திருக்கும் நம் மாநிலத்தில், 2018-19 கணக்கெடுப்பின்படி 61.9 சதவீத வீடுகளில்தான் போதிய அயோடின் உள்ள உப்பு புழங்கியது. நாட்டிலேயே கடைசி இடம். இது எனக்குப் பெரிய வேதனை. கல்லுப்பை விட வேண்டியதில்லை, அண்ணாச்சி. அதிலும் பொட்டாசியம் அயோடேட் தெளித்து விற்கிறார்கள். பாக்கெட்டில் அயோடின் உப்புக்கு அடையாளமான சிரிக்கும் சூரியன் படம் இருக்கிறதா என்று பாருங்கள்.

ஏற்கெனவே கட்டி உள்ளவர்கள் மட்டும் அயோடின் சொட்டு மருந்தைத் தாங்களாக வாங்கிக் குடிக்க வேண்டாம். நாள்பட்ட கழலையில் சில முடிச்சுகள் யார் சொல்லையும் கேட்காமல் தாமாகவே சுரக்கும். திடீரென்று அயோடின் கூடினால் ஹார்மோன் எகிறி நெஞ்சு படபடக்கும். முதலில் டிஎஸ்எச் பரிசோதனை, பிறகு டாக்டர் சொல்வது.