வழுநீக்கியும் அதன் சோதனையும்

வலப்பனை மலைச்சரிவுகளில் கொழுந்து பறிப்போருக்குத் தராசு ஓர் எளிய கருவியன்று. அந்நாளின் கூலி அதன் முள்ளிலே நிற்கிறது. குறித்த நிறை எட்டினால் முழுப்பேர், குறைந்தால் அரைப்பேர் என்பது தோட்டங்களில் வழங்கிவந்த முறை. ஆதலால் தராசைக் கண்ணை மூடிக்கொண்டு நம்புவார் இல்லை. நிறை தெரிந்த படிக்கல்லை அதில் ஏற்றிப் பார்த்து, முள் சரியாக நின்றால் மட்டுமே முத்திரையிடுவர். இதே முறை கணினி உலகிலும் உண்டு. ஆங்குத் தராசின் இடத்தில் இருப்பது வழுநீக்கி என்னும் கருவி.

நிரலில் நேரும் பிழையை வழு என்பர். வழுநீக்கி என்று பெயர் பெற்றிருப்பினும், இக்கருவி தானாக எந்த வழுவையும் நீக்குவதில்லை. ஓடிக்கொண்டிருக்கும் நிரலை வேண்டிய இடத்தில் நிறுத்தி, அதன் உள்ளே அக்கணத்தில் எந்த எண் எங்கே இருக்கிறது என்று காட்டுவதே இதன் தொழில். திருத்துபவன் மனிதன், காட்டுவது கருவி.

ஓர் எடுத்துக்காட்டைக் கொள்க. கொழுந்து மடுவத்தில் நிறுத்த கணக்கைக் கூட்டிக் கூலியாக்கும் நிரல் ஒன்று இருக்கிறது. நாளின் அளவு 18 கிலோ. ஒரு பெண் காலையில் 7, மதியம் 8, மாலையில் 6 என 21 கிலோ நிறுக்கிறாள். சாக்குக்கு ஒரு கிலோவாக மூன்று கிலோ கழித்தால் 18, முழுப்பேர். ஆனால் அன்று மழையால் மதிய நிறுவை 5 என்றும் 3 என்றும் இரண்டாகப் பதியப்பட்டது. நிரலோ சாக்கை எண்ணாமல் பதிவை எண்ணி, நான்கு கிலோவைக் கழித்துவிடுகிறது. எஞ்சுவது 17, அரைப்பேர். மழையில்லாத நாட்களில் இவ்வழு தலைகாட்டாது. கணக்கைப் பார்ப்பவருக்கும் கூட்டல் சரியாகவே தோன்றும். இழப்பு மட்டும் உழைத்தவளுடையது.

இத்தகைய வழுவைத் தேடுவோர் பலர் கையாளும் வழுநீக்கி குனு திட்டத்தைச் சேர்ந்த ஜிடிபி என்பதாகும். இதனை 1986ஆம் ஆண்டில் ரிச்சர்ட் ஸ்டால்மன் எழுதினார். தொடக்கத்தில் இக்கருவிக்குத் தனக்கென ஒரு சிறு கட்டளைமொழி மட்டுமே இருந்தது. நிரலை நிறுத்தவும் எண்ணைக் காட்டவும் அது போதும். ஆனால் பெரிய கணக்குகளின் உள்ளமைப்பைக் கேட்டால், நினைவகத்தின் முகவரிகளை வரிசையாகக் கொட்டும். கேட்டவர் அதிலிருந்து பொருளைத் தாமே பொறுக்கி எடுத்தல் வேண்டும்.

இக்குறையைப் போக்க, டாம் டிரோமி முதலியோரின் முயற்சியால், பைத்தன் என்னும் நிரல்மொழி ஜிடிபியின் உள்ளே இணைக்கப்பட்டது. 2009ஆம் ஆண்டில் வெளியான 7.0 ஆம் பதிப்பில் இவ்வசதி பயனர் கைக்கு வந்தது. இரண்டுக்கும் இடையிலான வாயிலே பைத்தன் இடைமுகம் எனப்படுகிறது. இதன் வழியே பயனர் சிறு நிரல் எழுதி, கருவிக்குத் தம் தொழிலின் மொழியைக் கற்பிக்கலாம். ஒரு தொழிலாளியின் கணக்கை முகவரிகளாகக் காட்டாமல், செக்ரோல் ஏட்டின் ஒரு வரிபோலக் காட்டுமாறு செய்யலாம். ஆயிரம் பெயர்கள் கடந்துசெல்லும்போது, சாக்கின் தொகையைவிடக் கழிவு மிகுந்த பெயரில் மட்டும் நிற்குமாறும் செய்யலாம். எளிய நிபந்தனைகளைப் பழைய கட்டளைமொழியும் ஏற்கும். முன்னே கண்டவற்றை நினைவிற்கொண்டு ஒப்பிட்டு முடிவு செய்வதற்குப் பைத்தன் பெரிதும் உதவுகிறது.

வாயில் அகன்றால் வழு நுழையும் வழியும் அகலும். ஆகவே இடைமுகத்தைத் திருத்துவோர் அதனைச் சோதிக்கும் கடமையையும் உடன் ஏற்கின்றனர். சோதனை முறை படிக்கல் முறையே. விடை முன்னரே தெரிந்த மிகச் சிறிய நிரல் ஒன்றை எழுதுகின்றனர். அதனை வழுநீக்கியிடம் கொடுத்து, கேள்வி கேட்டு, வரும் விடையைத் தெரிந்த விடையோடு ஒப்பிடுகின்றனர். இவ்வேலையை மனிதன் ஒவ்வொன்றாகச் செய்வதில்லை. டெஜாகுனு என்னும் சோதனை அமைப்பு, எக்ஸ்பெக்ட் என்னும் கருவியின் துணையால், மனிதன் தட்டச்சிடுவதுபோலக் கட்டளையிட்டு மறுமொழியைப் படிக்கிறது. எக்ஸ்பெக்ட் கருவியை உருவாக்கிய டான் லைப்ஸ் பணியாற்றிய இடம், அமெரிக்க நாட்டின் நிறை, அளவு ஆகியவற்றின் தரத்தைப் பேணும் தேசிய நிறுவனமாகும்.

சோதனையில் எவற்றைக் கேட்கின்றனர்? முதலாவது, உள்ள மதிப்பை உள்ளபடி காட்டுகிறதா என்பது. இரண்டாவது, மறைந்ததைப் பற்றிய கேள்வி. ஒரு செயற்கூறு முடிந்தபின் அதன் சட்டகம் நினைவகத்தில் செல்லாததாகிவிடும். அதைக் குறித்துப் பைத்தன் கேட்டால், கருவி குலைந்து விழாமல், அது செல்லாது என்று தெளிவாகச் சொல்லவேண்டும். மூன்றாவது, குப்பை மதிப்பு. இன்னும் தொடங்கப்படாத ஒரு பட்டியலில் நூறு கோடி உறுப்புகள் இருப்பதாக நினைவகம் பொய் சொல்லக்கூடும். அப்போது முடிவின்றி அச்சிடாமல் ஓர் எல்லையில் நிற்கவேண்டும். நான்காவது, மொழியின் மாற்றம். பைத்தனின் இரண்டாம் பதிப்பில் 7ஐ 2ஆல் வகுத்தால் 3. மூன்றாம் பதிப்பில் 3.5. ஜிடிபி பல ஆண்டுகள் இரண்டு பதிப்புகளுக்கும் இடங்கொடுத்து, 2023இல் வெளியான 13ஆம் பதிப்பில்தான் பழையதைக் கைவிட்டது. அதுவரை ஒரே சோதனை இரண்டிலும் தேறவேண்டியிருந்தது.

சோதனையின் முடிவும் வெறும் தேர்ச்சி, தோல்வி என்ற இரண்டோடு நிற்பதில்லை. அறியப்பட்டும் இன்னும் திருத்தப்படாத வழுவால் நேரும் தோல்வி தனியே குறிக்கப்படுகிறது. அக்கணினியில் அவ்வசதியே இல்லையெனில் அதற்கும் தனிக்குறி உண்டு. தோல்வியை மறைக்காமல் பெயரிட்டு வைப்பது நேர்மையான கணக்கின் இலக்கணமாகும்.

இவை யாவற்றினும் முதன்மையானது ஒன்று. சோதனையும் சோதிக்கப்படவேண்டும். முள் 20இல் சிக்கிக்கொண்ட தராசின்மீது 20 கிலோப் படிக்கல்லை வைத்தால் அது தேறிவிடும். 10 கிலோவை வைத்தால்தான் குட்டு வெளிப்படும். எப்போதும் தேறும் சோதனையும் அத்தகையதே. ஆகவே வழுவைத் திருத்துவோர் முதலில் சோதனையை எழுதி, திருத்தமில்லாத கருவியில் அது தோற்பதைக் கண்ணால் காண்பர்; பின்னர் திருத்தி, தேறுவதைக் காண்பர். தோற்கத் தெரிந்த சோதனையின் தேர்ச்சியே நம்பத்தக்கது.

ஜிடிபியின் மூலநிரல் யாவரும் படிக்கத் திறந்திருப்பது. திருத்தம் அனுப்புவதற்கும் நாட்டெல்லை இல்லை. இத்தகைய திறந்த மென்பொருட் பணியில் இலங்கை இளைஞர் பின்தங்கியவரல்லர். 2005இல் கூகிள் தொடங்கிய கோடைகால நிரலாக்கத் திட்டத்தின் முதற் பத்தாண்டில், உலகப் பல்கலைக்கழகங்களுள் மிகுதியான மாணவரைப் பங்குபெறச் செய்தது மொறட்டுவைப் பல்கலைக்கழகமே. மலைநாட்டு மாணவர் ஒருவர் இத்துறையில் அடியெடுத்து வைக்க விரும்பினால், பெரிய கருவியை மாற்றி எழுதுவதிலிருந்து தொடங்கவேண்டியதில்லை. விடை தெரிந்த பத்து வரி நிரலும், அதனைப் பற்றிய ஒரு நேரான கேள்வியும் போதும். சிறிய படிக்கல்லும் பெரிய தராசைத் திருத்தும்.